ஃபுசாயே பார்க்காத கியோட்டோ

கியோட்டோ ரயில் நிலையத்தில் அப்பா கழிப்பறைக்குப் போயிருந்தபோதுதான் மினாயோ அதைச் செய்தாள். அவருடைய முதுகுப்பையைத் திறந்து, துண்டில் சுற்றியிருந்த சின்ன வெள்ளைச் சிமிழை எடுத்துத் தன் சூட்கேஸில் துணிகளுக்கு நடுவே வைத்தாள். துண்டை மடித்து மறுபடி பைக்குள் போட்டாள். சூட்கேஸை லாக்கரில் தள்ளிப் பூட்டினாள்.

சிமிழில் அம்மா ஃபுசாயேயின் தொண்டை எலும்பு இருந்தது. உட்கார்ந்த புத்தர் போலிருக்கும் அந்த எலும்பைத் தகனத்துக்குப் பின் தனியே எடுத்துவைத்து, கியோட்டோவின் தலைமைக் கோயிலில் சேர்ப்பது அவர்கள் ஊரான ஹிமியில் குடும்ப வழக்கம். இன்று சாயங்காலம் சேர்க்க வேண்டும். நேற்று ஒசாகாவில் ரயில் நெரிசலில் யாருடைய முழங்கையோ அப்பாவின் பையில் இடித்தது. இன்றைக்குப் பேருந்து வரிசை அதைவிட மோசம். உடைந்துவிட்டால்? கோயிலுக்குப் போகும்முன் வந்து எடுத்துக்கொள்ளலாம். அப்பாவிடம் சொல்லத்தான் நினைத்தாள். அதற்குள் பேருந்து வந்து, கூட்டம் அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டது.

தங்கக் கோயிலில் அப்பா டோகுஜி பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டார். குளத்தங்கரையில் நின்று ஜிப்பை ஒரு சாண் திறந்து, பையின் வாயைக் கோயில் பக்கம் திருப்பினார்.

"பாத்தியா ஃபுசாயே. படத்துல இருந்தத விட நல்லா இருக்கு. தண்ணியில இன்னொண்ணு நிக்குது பாரு."

மினாயோ அவர் பக்கம் திரும்பினாள். இப்போது சொல்லலாம். அவர் முகத்தைப் பார்த்தாள். சொல்லவில்லை.

டோகுஜி முடிதிருத்துபவர். கடைக்குத் திங்கட்கிழமை மட்டும் விடுமுறை. அந்த ஒரு நாளில் கியோட்டோ போய்த் திரும்ப முடியாது என்று ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் சொன்னார். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்பார். அம்மா துண்டுகளைக் காயப்போட்டுக்கொண்டே சரி என்பாள்.

மதியம் கியோமிசு கோயிலுக்கு ஏறும் தெருவில் நடக்க இடமில்லை. வாடகைக் கிமோனோ கட்டிய பெண்கள் நாலடிக்கு ஒருமுறை நின்று படம் எடுத்தார்கள். டோகுஜி பைக்குள் குனிந்து பேசிக்கொண்டே வந்தார்.

"எவ்ளோ தலை பாரு. நம்ம கடைக்கு ஒரு வருஷத்துக்குப் போதும். முன்னாடி போறவனுக்குப் பின்கழுத்துல கோணலா வெட்டியிருக்கான். அவன்கிட்ட சொல்லிடட்டுமா?"

"அப்பா, சும்மா வாங்க."

"உன்கிட்ட சொல்லல. உங்கம்மாகிட்ட சொன்னேன்."

தேநீர்ப்பொடி ஐஸ்கிரீம் ஒன்று வாங்கினார். ஹிமியில் இந்த விலைக்கு ஒரு வேளைச் சாப்பாடே முடிந்துவிடும் என்று முணுமுணுத்தார். பிறகு அதைப் பையின் வாயருகே கொஞ்ச நேரம் பிடித்திருந்தார். உருகி அவர் மணிக்கட்டில் வழிந்தது. மினாயோ துடைத்துவிட்டாள்.

மேலே மர மேடையின் விளிம்பில் இடம் கிடைக்க வெகுநேரம் ஆனது. கீழே பள்ளத்தாக்கு முழுக்கச் சிவந்த இலைகள். பின்னால் நின்ற இளைஞன், "ஐயா, கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா?" என்றான்.

"கொஞ்சம் பொறு தம்பி. இவ இப்பதான் பாக்க ஆரம்பிச்சிருக்கா."

இளைஞன் பையைப் பார்த்தான். நாய்க்குட்டி என்று நினைத்திருப்பான். தலை குனிந்து ஒதுங்கினான்.

டோகுஜி ஜிப்பை மூடினார். "சரி, பாத்தாச்சு. நாம சேர்க்கப்போற கோயில் இங்கேருந்து கீழதான். போலாமா?"

இனித் தள்ளிப்போட வழியில்லை.

"அப்பா, அம்மா பைக்குள்ள இல்ல."

அவர் திரும்பினார்.

"காலைல நீங்க அந்தப் பக்கம் போனப்போ நான்தான் எடுத்தேன். நெரிசல்ல ஒடஞ்சிடுமோன்னு... ஸ்டேஷன் லாக்கர்ல இருக்கு."

டோகுஜி பையின் மேல் கையை வைத்தார். அழுத்திப் பார்த்தார். துண்டு மட்டும் அமுங்கியது.

"அப்போ தங்கக் கோயில்லயும்?"

"ஆமாப்பா."

"நான் தனியாதான் பேசிட்டு வந்தேனா."

"மன்னிச்சிடுங்க. நாளைக்கும் லீவு சொல்லிடுறேன். எல்லா எடத்துக்கும் திரும்பப் போலாம்."

"நீ பயந்தது சரிதான். ஒடஞ்சிருக்கும்," என்றார். "ஆனா இன்னொரு தடவ பாத்தா, மொதத் தடவ பாக்குற மாதிரி என்னால பேச முடியாதும்மா."

திரும்பும் பேருந்தில் பையை முதுகில் மாட்டிக்கொண்டார். யார் இடித்தாலும் திரும்பிப் பார்க்கவில்லை.

லாக்கரைத் திறந்து மினாயோ சிமிழை எடுத்துக் கொடுத்தாள். தலைமைக் கோயில் அலுவலகம் மூட இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. "டாக்ஸியில போயிடலாம்ப்பா," என்றாள். டோகுஜி நகரவில்லை. சுவரோரமாகக் குந்தி உட்கார்ந்து, சிமிழை இரண்டு உள்ளங்கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டார்.

"ஃபுசாயே, நான் போய்ப் பாத்துட்டேன்," என்றார். "ஒண்ணும் பெருசா இல்ல. தங்கக் கோயில் சின்னதுதான், படத்துல ஏமாத்துறாங்க. இலையும் நம்ம பக்கத்து மலையில இருக்கறதுதான். ஒரே கூட்டம். உனக்குக் கால் வலிச்சிருக்கும்."

சூட்கேஸோடு வந்த ஒரு தம்பதி, லாக்கர் காலியாகுமா என்று மினாயோவைப் பார்த்தார்கள். அவள் தன் சூட்கேஸை வெளியே இழுத்துவிட்டு அவர்களுக்கு வழிவிட்டாள்.

"நெசமாத்தான் சொல்றேன்," என்றார் அப்பா, சிமிழிடம். "நீ எதையும் விட்டுடல."