நடுப்பகல் தீமிதி

எல்லையம்மன் கோயில் சுவரில் சர்க்கார் நோட்டீஸை ஒட்டிவிட்டுப் போன அன்று, கோவில்பதாகை சேரியில் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் கோவிந்தன். ஜப்பான்காரன் விமானம் எந்நேரமும் வரலாம், ஆகவே சூரியன் மறைந்ததிலிருந்து மறுநாள் உதிக்கும்வரை வெட்டவெளியில் யாரும் நெருப்பு மூட்டக் கூடாது, மீறினால் ஜெயில். தீமிதிக்கு எட்டு நாள்தான் இருந்தது. பூசாரி அய்யாசாமி அந்தத் தாளை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். கோவிந்தன் தன் இடது காலைப் பார்த்துக்கொண்டான். தப்பித்தோம் என்று இருந்தது.

அந்தக் கால் பர்மாவிலிருந்து அரக்கான் மலையைத் தாண்டி வந்த கால். ரங்கூனில் அரிசி ஆலையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவன், குண்டு விழுந்த பிறகு ஆயிரக்கணக்கான பேரோடு நடக்க ஆரம்பித்தான். வழியில் காலரா பாதிப் பேரை எடுத்துக்கொண்டது. இவனுக்கு இடது உள்ளங்கால் அழுகித் தோல் மொத்தமும் உரிந்து போயிற்று. மாசியில் ஊர் வந்து சேர்ந்தபோது எலும்பும் தாடியுமாக இருந்தான். புதுத்தோல் இப்போதுதான் மூடியிருந்தது, வெங்காயச் சருகு மாதிரி. கல் குத்தினால்கூட உயிர் போகும். அவன் செத்திருப்பான் என்று ஊரே முடிவு கட்டியிருந்த நாட்களில், அவன் பெண்டாட்டி வேம்புலியம்மாள் மட்டும் அம்மனோடு ஒரு பேச்சு பேசி வைத்திருந்தாள். ஆள் உயிரோடு வந்தால் சித்திரையில் தீ மிதிப்பான்.

“ஏம்மே, நீ மிதிக்கிறேன்னு வேண்டிக்கினா ஆவாதா? என் காலு இன்னா ஊரு சொத்தா?” என்று அப்போதே கேட்டான்.

“நடந்து வரவேண்டியது யாரு, நானா நீயா? எந்தக் காலு வரணுமோ அந்தக் காலத்தானே குடுக்க முடியும்?”

இதற்கு இப்போது சர்க்காரே அவன் சார்பில் பதில் சொல்லிவிட்டது.

ஆனால் நோட்டீஸ் ஒட்டிய மறுநாளிலிருந்து வேம்புலியம்மாள் அவன் பின்னாலேயே வர ஆரம்பித்தாள். ஏரிக்குப் போனால் பத்தடி தள்ளி நின்றாள். கள்ளுக்கடைக்குப் போனால் வாசலில் குந்தினாள். கிணற்றை எட்டிப் பார்த்தால் ஓடிவந்து இடுப்புத் துணியைப் பிடித்தாள். மதுரைவீரன், அவளுடைய தம்பி, சிரித்துச் சிரித்து மாய்ந்தான். “மாமே, உனுக்கு ஒரு போலீசு போட்டுட்டாங்கடா!” அவள் சிரிக்கவில்லை. நான்காம் நாள் கோவிந்தன் சட்டியைத் திறந்து பார்த்தான். அவள் பங்குக் கூழ் முந்தின நாளிலிருந்து அப்படியே புளித்துக் கிடந்தது.

“இன்னா வெனை இது? ஏன் துன்னல?”

“குடுத்தவ, வாங்கிக்கினு பூடுவா” என்றாள். அவ்வளவுதான். கண்ணீர் கிண்ணீர் எதுவும் இல்லை. ஏதோ நாளைக்கு மழை வரும் என்று சொல்வது மாதிரி சொன்னாள்.

அவனுக்கு அம்மன்மேல் பெரிய நம்பிக்கை கிடையாது. மலைப்பாதையில் எல்லாச் சாமியையும் கூப்பிட்டவர்கள்தான் முதலில் விழுந்தார்கள். ஆனாலும் அன்று மத்தியானம் கோயில் சுவருக்கு முன்னால் வெகுநேரம் நின்றான். எழுத்து வாசிக்கத் தெரியாது, முத்திரை தெரிந்தது. ரங்கூனிலும் இதே முத்திரையோடு ஒரு தாள் ஒட்டினார்கள். யாரும் பயப்பட வேண்டாம், அவரவர் வேலையைப் பாருங்கள் என்று. பசை காய்வதற்குள் ஒட்டச் சொன்ன துரை கப்பல் ஏறிவிட்டான். இங்கேயும் அதே கூத்துத்தான் நடந்துகொண்டிருந்தது. பட்டணத்தில் மிருகக்காட்சிசாலைப் புலிகளைச் சுட்டுவிட்டார்களாம். ஆபீசுகளைக் கட்டி மலைக்கும் வெளியூருக்கும் ரயிலில் ஏற்றிவிட்டார்களாம். கரையான்சாவடி ரோட்டில் மாட்டுவண்டிகள் பாத்திரம் பண்டத்தோடு மேற்கே போய்க்கொண்டிருந்தன. பர்மா அரிசி நின்று போய் வாங்குகிற அரிசியில் பாதி கல்லாக இருந்தது. அதற்கு ஒரு நோட்டீசும் இல்லை. சர்க்கார் சொல்லி இவன் எத்தனை இடத்தில் நின்றான், எத்தனை இடத்தில் திரும்பினான்! ஒரு தடவைகூட எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

நேராக அய்யாசாமியிடம் போனான்.

“பகல்ல மிதிச்சா இன்னா?”

பூசாரி அவனை ஏற இறங்கப் பார்த்தார். “எங்க அப்பன் காலத்துலேர்ந்து வெளக்கு வெச்சப்புறந்தான்டா அம்மன் எறங்குவா.”

“உங்க அப்பன்தான் அவளுக்கு நேரம் பாத்துக் குடுத்தாரா?” என்றான் கூடவே வந்திருந்த மதுரைவீரன்.

“வாய மூட்ரா. பகல்ல கங்கு கண்ணுக்குத் தெரியாது. எங்க சூடு, எங்க சாம்பலுன்னு கண்டுபுடிக்க முடியாது. கால வெச்சப்புறந்தான் தெரியும். யாரு மொதல்ல எறங்கறது?”

“நான்” என்றான் கோவிந்தன். சொன்ன பிறகுதான் இடது கால் ஞாபகம் வந்தது.

அன்றே காப்புக் கட்டிக்கொண்டான். வேம்புலியம்மாள் அன்று சாயந்தரம் இரண்டு சட்டிக் கூழ் குடித்தாள்.

தீமிதி நாளன்று சூரியன் ஏரிக்கரைக்கு மேல் முழுசாக ஏறிய பிறகுதான் கற்பூரம் கொளுத்தினார்கள். புளியங்கட்டைகள் எரிந்து சரிந்துகொண்டிருந்தபோது ரெவினியூ இன்ஸ்பெக்டர் உலகநாதன் இரண்டு போலீஸ்காரர்களோடு வந்து சைக்கிளை விட்டு இறங்கினார். நல்ல மனிதர்தான். அவர் குடும்பத்தையும் திருவள்ளூருக்கு அனுப்பிவிட்டுத் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். யார் தலைமை என்று விசாரித்துக் கோவிந்தனைக் கூப்பிட்டார்.

“ரங்கூன்லேர்ந்து வந்தவன் நீதானா? நீயே இப்படிச் செய்யலாமாப்பா? குண்டு விழுந்ததைக் கண்ணால பார்த்தவன். எப்ப விழுந்துது, எப்படி விழுந்துது, இவங்களுக்கு நீயே சொல்லு.”

கூட்டம் நெருங்கி வந்தது. ராத்திரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பகல் நெருப்பு தப்பித்துவிடும். கோவிந்தனுக்கு அது தெரிந்தது. வேம்புலியம்மாள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் குண்டு விழுந்த அன்று ரங்கூன் தெருவில் அவனுக்கு இரண்டு பக்கமும் நின்றிருந்தவர்களைப் பற்றிப் பொய் சொல்ல வாய் வரவில்லை.

“காலைல சார்” என்றான். சேரியில் மற்றவர்கள் ‘சாமி’ என்பார்கள். இவனுக்கு ரங்கூன் பழக்கம். “பத்து மணி இருக்கும்னு சொன்னாங்க. ஒரு வெளக்கு எரியல. ஜனம் ரோட்ல நின்னுக்கினு, ஏதோ வேடிக்கன்னு மேல பாத்துக்கினு இருந்திச்சு.”

இன்ஸ்பெக்டர் ஒரு கணம் தடுமாறினார். “அப்ப பகல்லயும் ஆபத்துதானே? அணைக்கச் சொல்லு.”

“அணைக்கிறோம் சார். உங்க பேப்பர்ல ராத்திரின்னுதானே போட்டுக்கீது? பகலுக்கு ஒரு பேப்பர் கொண்டாங்க.”

“மேல எழுதிக் கேக்கறேன்.”

“மேலன்னா எம்மாம் மேல சாமி?” என்றது கூட்டத்திலிருந்து மதுரைவீரன் குரல். “மலைக்கே பூட்டாங்களாமே!”

முதலில் பெண்கள் சிரித்தார்கள். பிறகு சேரியே சிரித்தது, வேடிக்கை பார்க்க வந்த ஊர்க்காரர்களும் சிரித்தார்கள். ஒரு போலீஸ்காரர் துண்டால் முகத்தைத் துடைக்கிற சாக்கில் வாயை மூடிக்கொண்டார். உலகநாதன் சட்டைப்பையிலிருந்து உத்தரவை எடுத்து ஒருமுறை படித்தார், மறுபடியும் படித்தார். எழுதினால் பதில் வர எத்தனை நாள் ஆகும் என்று அவர் யோசிப்பது கோவிந்தனுக்கு முகத்திலேயே தெரிந்தது.

“சூரியன் சாயறதுக்குள்ள ஒரு கங்கு இருக்கக் கூடாது. இருந்துதுன்னா உன்னைத்தான் முதல்ல பிடிப்பேன்” என்று சொல்லிவிட்டு வேப்பமர நிழலில் போய் நின்றார்.

உச்சிப்பொழுதில் குழி வெறும் சாம்பல் மேடாகத்தான் தெரிந்தது. “நெருப்பே காணோமே” என்றாள் பட்டணத்திலிருந்து வண்டியில் வந்திருந்த ஓர் அம்மாள். அய்யாசாமி ஒரு பிடி வைக்கோலை எறிந்தார். அது கீழே விழுவதற்கு முன்பே பற்றிக்கொண்டது. அந்த அம்மாள் நான்கடி பின்னால் போனாள்.

பம்பை அதிர்ந்தது. கோவிந்தன் வலது காலை வைத்தான். அதில் சூடே தெரியவில்லை. இடது காலை வைத்தான், எல்லாம் தெரிந்தது. மலைப்பாதையில் ஒருவன் விழுந்தால் பின்னால் வருகிறவன் சுற்றிக்கொண்டு போவான். சத்தம் இருக்காது. இங்கே இரண்டு பக்கமும் தொண்டை கிழியக் கத்தினார்கள். அவன் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். ஓடக் கூடாது என்று அய்யாசாமி சொல்லியிருந்தார். அவன் ஓடவில்லை. தலையை நிமிர்த்தி, யாரோ தனக்காகப் போட்ட பாதையில் நடப்பவன் மாதிரி நடந்து, கங்குக்கு அப்பால் கால் நனைக்க வெட்டியிருந்த பால்குழியில் காலை வைத்தபோது அவனையும் மீறி ஒரு சத்தம் போட்டான். அழுகை இல்லை அது. அவன் வாழ்க்கையில் அப்படி ஒரு சத்தம் போட்டதில்லை. மதுரைவீரன் அவனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு வரிசை நிற்கவில்லை. சிங்கப்பூரில் மகன் மாட்டிக்கொண்ட அங்கம்மா இறங்கினாள். பட்டாளத்தில் தம்பி இருந்தவன் இறங்கினான். கடைசி ஆளும் ஏறி, அய்யாசாமி தண்ணீர்க் குடத்தை எடுத்தபோது குழியின் அந்தப் பக்கம் ஒரு சலசலப்பு. வேம்புலியம்மாள் புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றாள்.

“ஏய், நீ காப்பே கட்டலியே!” என்று அய்யாசாமி கத்தினார்.

அவள் காதில் வாங்கவில்லை. மச்சான் தோளிலிருந்து இறங்கிய கோவிந்தன், வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தான், பிறகு நொண்டிக்கொண்டே பால்குழி ஓரத்தில் போய் நின்றான். சித்திரை வெயிலும் குழியின் அனலும் சேர்ந்து காற்று தண்ணீர்போல நெளிந்தது. அதற்குள் அவளுடைய கால்கள் கரைந்து போயின. முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லாதவளாக, தரையையே தொடாதவளாக, அவனையே பார்த்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் அவள் வந்துகொண்டிருந்தாள்.