உப்புக் காற்றுக்கு அடைத்த துளை

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் இருக்கிறது றவூப் நானாவின் அச்சகம். தண்டவாளத்தைத் தாண்டினால் கடல். உப்புக் காற்று கதவுப் பூட்டையும் தின்னும், கணினியையும் தின்னும். அதனால் அச்சகத்தில் ஒரு சட்டம் உண்டு. எந்தக் கருவியிலும் துளை திறந்து கிடக்கக் கூடாது. துணியோ டேப்போ பழைய வயரோ, அகப்பட்டதை வைத்து அடைத்துவிட வேண்டும்.

நான் அங்கே கணினி பார்க்கத் தற்காலிகமாகச் சேர்ந்தவன். அச்சுத் தகடு தயாரிக்கும் மெசினை ஓட்டிய பழைய கணினி செத்தபோது, புதிது வேண்டாம் என்று வாயைக் கொடுத்தவனும் நான்தான். ஏதோ ஒரு கம்பனி கழித்துவிட்ட சேர்வர் ஒன்று மூலையில் கிடந்தது. அதில் லினக்ஸ் போட்டு, அதன் வயிற்றுக்குள்ளே, செத்ததன் வேலையைச் செய்ய, மென்பொருளாலான இன்னொரு கணினியை ஓடவிட்டேன். உள்ளே ஓடுவதை வெளியே நிற்கும் மெசின் காண்பதற்கு இடையில் ஒரு பாலம் போட வேண்டும். பிறிட்ஜ் என்பார்கள். சேர்வரின் முதுகில் நெட்வேர்க் வயர் குத்த இரண்டு துளைகள். ஒன்று பாவனையில், மற்றது வெறுமை. பிறகு உதவும் என்று இரண்டையும் பாலத்தில் சேர்த்தேன்.

பாலத்தை எழுப்பியதும் அச்சகத்தின் மொத்த நெட்வேர்க்கும் விழுந்தது. எல்லா வயரும் வந்து சேரும் சுவிட்ச் பெட்டியில் விளக்குகள் அத்தனையும் ஒன்றாக வெறிபிடித்து மின்னின. பாலத்தை எடுத்தால் அடங்கியது. போட்டால் மறுபடியும் அதே கூத்து.

"இரும்புக் கடைக்குப் போற சாமானுக்கு உசிர் குடுக்கப் பாக்கிறீங்க," என்றார் றவூப் நானா. "நான் லுஹர் தொழுதுட்டு வாரன். வரக்குள்ள தகடு வரல்லண்டா நுகேகொடைக் கம்பியூட்டர் கம்பனிக்காரனக் கூப்பிடுவன். பொறகு ஒங்களுக்கு இங்க வேல இல்ல குமார்."

டிரைவரை மாற்றினேன். மெசினுக்குப் போகும் வயரை மாற்றினேன். பழைய நெட்வேர்க் கார்டைத் திட்டினேன். ஒன்றும் அசையவில்லை. அச்சு மெசினில் நிற்கும் இராமர் அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"டேய் குமாரு, நானும் மெசின் மாதிரி சும்மாதான் நிக்கிறேன். மொதலாளி கண்டா என்னையும் சேவருக்குள்ள போட்டுருவாரு."

நானா திரும்பி வந்தார். என் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டார்.

"இந்தப் பெட்டிய வேற யாரும் தொட்டீங்களா?"

இராமர் அண்ணன் அச்சு மெசினைத் துடைக்கத் தொடங்கினார். என் அப்பா புறக்கோட்டைச் சந்தையில் மூட்டை தூக்கியவர்; சுமைகூலிக்கு அங்கே நாட்டாமை என்று பெயர். பள்ளிக்கூட லீவில் நானும் தூக்கியிருக்கிறேன். மூட்டை விழுந்து கிழிந்தால் யாருடைய கை வழுக்கியது என்று எவனும் சொல்ல மாட்டான். சொன்னால் அன்றையக் கூலி போய்விடும். கடைசியில் ஆகக் கீழே நிற்பவன் தலையில்தான் வந்து விழும். அன்றைக்கு ஆகக் கீழே நின்றவன் நான்.

"நான் தொட்டன் நானா."

சொன்னது டிசைன் செய்யும் சஹ்லா. அவளும் என்னைப் போலத் தற்காலிகம்தான்.

"தூசி தட்டக்குள்ள பாத்தன், செத்த கம்பியூட்டர்ட வயர் தொங்கிட்டு ஈந்திச்சு. சேவர்லயும் ஒரு ஓட்ட சும்மா ஈந்திச்சு. உப்புக் காத்து படுமேண்டு அந்த வயர அதுக்குள்ள குத்தி வெச்சன். நீங்க சொன்ன சட்டந்தானே."

நான் சுவரோடு கிடந்த சேர்வரை இழுத்துத் திருப்பினேன். வயர் இருந்தது. அதன் மறுமுனை இன்னும் சுவிட்ச் பெட்டியிலேயே இருந்தது; ஆக இரண்டு துளையும் ஒரே பெட்டிக்குத்தான் போயின. முன்வாசலால் இறக்கிய மூட்டையைப் பின்வாசலால் எடுத்து மறுபடியும் முன்வாசலுக்கே கொண்டுவந்தால் தெரு அடைபடும். நான் போட்ட பாலம் அந்த வேலையைத்தான் ஓய்வில்லாமல் செய்துகொண்டிருந்தது.

வயரைப் பிடுங்கிவிட்டுப் பாலத்தை எழுப்பினேன். விளக்குகள் நிதானமாக மின்னின. உள்ளே ஓடும் கணினி மெசினைக் கண்டது. சற்று நேரத்தில் தகடு வெளியே வந்தது. இராமர் அண்ணன் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"சுகப்பிரசவம்," என்றார்.

நானா சஹ்லா பக்கம் திரும்பினார். நான் குறுக்கே விழுந்தேன்.

"நானா, பாதி என் பிழைங்க. வெறும் துளைன்னு நெனச்சு, பாக்காம சேத்துட்டேன். இப்பிடிச் சுத்து விழுந்தா தானா அடைக்கிற வசதி ஒன்னு இருக்கு. அதையும் நான் போடல."

"அப்ப ஏச்சையும் பாதி பாதியாப் பிரிச்சுக்குங்க." வாசல்வரை போனவர் நின்றார். "குமார், ஐடென்டி கார்ட் கொப்பியொண்டு கொண்டாங்க. நிரந்தரக் கடிதம் அடிக்கணும்."

"எனக்கு நானா?" என்று கேட்டாள் சஹ்லா.

"ஒங்களுக்கும் கொண்டாங்க. வயர் குத்த மாட்டன் எண்டு அதுல ஒரு வரி போடணும்."

அவள் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். நுகேகொடைக்காரன் வந்து அந்த வயரைக் கண்டுபிடித்திருப்பான். நான் அப்போது வேலை போய் வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் இருந்திருப்பேன். எங்கள் வீட்டில் நன்றி என்ற சொல் அதிகம் புழங்கியதில்லை. அதனால் கொஞ்சம் முரட்டுத்தனமாகத்தான் வந்தது.

"நன்றி, சஹ்லா."

"பிழை செஞ்சதுக்கா?" அவள் சிரித்தாள். பிறகு சேர்வரின் முதுகைக் காட்டினாள். "அந்த ஓட்ட தொறந்து கெடக்கு. நானா கண்டா ஏசுவாரு."

டேப்பில் ஒரு துண்டு வெட்டித் தந்தாள். நான் வாங்கி ஒட்டினேன்.