போணிக் கையெழுத்து

1

இந்தக் கதை வெட்கத்தில் பிறந்தது. ஒரு கையெழுத்துப் போட்டு மூன்று வருஷம் கழித்து இன்சீன் சந்தையில் சஜிதா டீச்சரைப் பார்த்ததும் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். மழையும் இல்லை, வெயிலும் இல்லை. கடையில் வளர்ந்தவன் நான். சாயம் போன சரக்கையும் சிரித்துக்கொண்டே தள்ளிவிடத் தெரியும். இதை மட்டும் தள்ள முடியவில்லை. 'நான்' என்று எழுதக் கை கூசுகிறது. ஆகவே இனி அவன் பெயர் தஸ்தகீர்.

2

முதல் தொடக்கம்: 'கல்வி ஒளி பரப்பும் உன்னத நோக்கோடு…'

(அடித்துவிட்டேன். அது அமீர் அலியின் நோட்டீஸ் வாசகம்.)

இரண்டாவது: 2004. அமீர் அலி இன்சீனில் தொடங்கிய டியூஷன் பள்ளி இரண்டே வருஷத்தில் மூன்றாகியிருந்தது. நான்காவது ஷ்வேப்யிதாவில். எந்தக் கிளை திறந்தாலும் மேற்பார்வைக் கமிட்டி பார்த்துக் கையெழுத்திட வேண்டும். கமிட்டி என்றால் ஐந்து வியாபாரிகள். தலைவன் துணிக்கடைத் தஸ்தகீர். நூலைத் தொட்டே கைலியின் ஆயுசைச் சொல்வான். பள்ளிக்கூடத்தை எங்கே தொட்டுப் பார்ப்பது என்று…

(இந்த வாக்கியம் வேண்டாம். அவனுக்குச் சாக்குத் தேடுகிறது.)

3

ஷ்வேப்யிதா கிளையைப் பார்க்கப் போன தஸ்தகீரை, அங்கே டீச்சராக இருந்த சஜிதா தனியே கூப்பிட்டாள்.

"கணக்குக்கு ஆளே இல்ல மாமா. போர்டுல பேரு இருக்கு, ஆளு மாண்டலேல இருக்காரு."

"எத்தனை புள்ளைங்க?"

"பத்தாவதுல பதினொண்ணு. எல்லாம் ஃபேக்டரி ஆளுங்க புள்ளைங்க. 'தகுதி இல்லை'ன்னு எழுதிடுங்க. ரயிலேத்தி இன்சீனுக்கே அனுப்பிடுறேன், அங்கே சொல்லித்தர ஆளிருக்கு."

"எழுதிட்டேன்னே வெச்சுக்கோ, சயாமா."

டீச்சரை இங்கே பர்மிய மொழியில் அப்படித்தான் அழைப்பது. மரியாதைக்குக் குறைவில்லை.

மறுநாள் காலை கடைக்கதவு பாதி திறந்திருக்கையிலேயே அமீர் அலி கமிட்டிப் படிவத்தாளோடு நின்றான். அண்ணன் முறை வைத்து 'நானா' என்றுதான் கூப்பிடுவான்.

"நானா, இன்னிக்குப் போணி நாந்தான். வெறுங்கையா அனுப்பிடாதீங்க."

சந்தையில் எல்லோருக்கும் இந்த வழக்கம் உண்டு: நாளின் முதல் ஆளைத் திருப்பி அனுப்பினால் அன்றைக்கு வியாபாரம் படுத்துவிடும். நஷ்டத்துக்காவது கொடுப்பார்கள்.

"கணக்கு வாத்தியார் எங்கேடா?"

"வந்துடுவாரு. நீங்க கடை திறந்த அன்னிக்கு அலமாரி ரொம்பியா இருந்துச்சு?"

தஸ்தகீர் சிரித்துவிட்டான். சிரித்தவன் கையெழுத்தும் போட்டான். 'குறைகள்' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினான். பிறகு, மீதிச் சரக்கும் விற்கட்டும் என்று போணிக் காசால் தட்டுவதுபோல, அந்தப் பேனாவால் துணிக்கட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டினான்.

4

முடிவுகள்:

அ) கணக்கு வாத்தியார் வந்துவிடுகிறார். (இரண்டு பக்கம் எழுதினேன். நானே நம்பவில்லை.)

ஆ) தஸ்தகீர் ஓடிப்போய்த் தாளைக் கிழிக்கிறான். (அவனை எனக்குத் தெரியும். ஓடமாட்டான்.)

நடந்தது: பதினோரு பேரும் பரீட்சையில் கணக்கில் தோற்றார்கள். எட்டுப் பேர் அந்த மாதமே ஃபேக்டரிக்குப் போனார்கள். அதே கையெழுத்தைக் காட்டி அமீர் அலி மிங்கலாடோனில் ஐந்தாவதைத் திறந்தான்.

5

குடைக்குப் பக்கத்தில் சஜிதா நின்றாள்.

"மழை நின்னு நாளாச்சு, மாமா."

அவ்வளவுதான். போய்விட்டாள். அவள் 'மாமா' என்றது தஸ்தகீரை அல்ல, என்னை.

முடிவு எழுத எனக்கு யோக்கியதை இல்லை. படிவத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. 'இல்லை'யை அடித்துவிட்டேன். கட்டம் உங்களுக்கு.

குறைகள்: ……………………

ஒன்று மட்டும். காலையில் நீங்கள் முதன்முதலாகக் கையில் எடுத்தது இந்தத் தாளாக இருந்தால், போணி என்று பார்த்து என்னை விட்டுவிடாதீர்கள்.