நான்கு நாள் முன்னதாக ஒரு பிறந்தநாள்

வெனெடிக்ட் சவேலியெவிச் குரினுக்கு மார்ச் பதினெட்டாம் தேதி எண்பது வயது நிறைகிறது. ஆனால் எங்கள் ஜாஸ் மண்டபத்து வாசலில் ஒட்டியிருந்த சுவரொட்டியில் விழா பதினான்காம் தேதி என்று இருந்தது. ரஷ்யர்கள் எங்களில் யாரும் பிறந்தநாளுக்கு ஒரு மணி நேரம் முன்னால்கூட வாழ்த்துச் சொல்ல மாட்டோம். சொன்னால் அந்த ஆள் அந்த நாளைப் பார்க்க மாட்டான் என்று நம்பிக்கை. சவேலிச் என்றே நாங்கள் கூப்பிடுகிற குரினுக்கு இதில் எங்களைவிடப் பயம் அதிகம். போன வருடம் ஒரு நாள் முந்திக் கேக் கொண்டுவந்த பெண்மணியைக் கேக்கோடு சேர்த்துப் படியிறக்கி அனுப்பியவர் அவர்.

நேரே மண்டபத்தின் புது இயக்குநர் ரோடியோனின் அறைக்குப் போனேன். முப்பத்தெட்டு வயது, சட்டைக் கசங்கல் தெரியாத ஆள்.

"யாரு இந்தத் தேதியப் போட்டது?"

"பதினஞ்சாம் தேதியிலேருந்து பழுதுபார்க்கிற வேலை, நோன்னா இக்னாத்யெவ்னா. மண்டபத்த மூடணும். ஜூன்ல திறந்துடலாம்."

"எந்த வருஷத்து ஜூன்?"

அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் தெருமுனையில் பழுதுபார்க்கவென்று மூடிய சினிமாக் கொட்டகை பதினோரு வருடமாகப் பச்சை வலைக்குள் நிற்கிறது. அதன் மாடியில் ஒரு பிர்ச் மரமே வளர்ந்துவிட்டது. அந்த வாரம் இரண்டு பேர் வந்து எங்கள் மேடையை அளந்தார்கள், படிக்கட்டை அளந்தார்கள், ஜன்னல்களை எண்ணினார்கள். ஒழுகுகிற கூரையை மட்டும் ஒருத்தரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

மேடைக்குப் பின்னால் இருபத்தொன்பது வருடமாக நிற்கிறவள் நான். சவேலிச் ஏழு வாத்தியம் வாசிப்பார்: வயலின், ட்ரம்பெட், சாக்ஸபோன், பியானோ, உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கிற வைப்ரபோன், டபுள் பாஸ், டிரம்ஸ். அடுத்து எதை எடுப்பார் என்று முன்கூட்டிச் சொல்ல மாட்டார். திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் பின்னால் நீட்டுவார். நீட்டுகிற விதத்திலேயே வயலினா, ட்ரம்பெட்டா, டிரம்ஸ் குச்சியா, எது வேண்டுமென்று எனக்குத் தெரியும். ஒருமுறைகூடத் தப்பாகக் கொடுத்ததில்லை. இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, மறைப்பானேன்.

தொண்ணூற்றி இரண்டில் நகரம் அந்தக் கட்டடத்தைக் கொடுத்தபோது ஒரு தாளும் கொடுத்தது. குரின் தானாகத் திருப்பிக் கொடுக்காதவரை அது ஜாஸுக்குத்தான். அவருக்குப் பிறகு அவர் கைகாட்டுகிற ஆளுக்கு. அந்த ஆள் திகோன் என்று எல்லாருக்கும் தெரியும். இருபது வருடமாக இரண்டாவது சாக்ஸபோன் வாசிக்கிறவன், வயது நாற்பத்தாறு. மாஸ்கோவிலிருந்து இரண்டு முறை அழைத்தும் போகவில்லை. "மண்டபம் உனக்குத்தாண்டா" என்று சவேலிச் என் காதுபடச் சொல்லியிருக்கிறார். ஆகவே அவர் கையெழுத்து இல்லாமல் அந்தக் கதவை யாரும் மூட முடியாது. அந்தக் கையெழுத்தை விழாவில், கேமராக்களுக்கு முன்னால், ஒரு சிவப்புக் கோப்பில் வாங்கப்போகிறார்கள் என்று தெரிந்தபோது ரோடியோனின் கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது.

விழாவன்று மாலை ஒப்பனை அறைக்குப் போனேன். வெளியே ஈரப்பனி கொட்டிக்கொண்டிருந்தது. சவேலிச் தேநீரை ஆறவிட்டு ட்ரம்பெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அந்தச் சிவப்புக் கோப்புல என்ன இருக்குன்னு தெரியுமா உங்களுக்கு?"

"படிச்சிட்டேன்."

"கண்ணாடி இல்லாம சுவரொட்டியில உங்க பேரையே படிக்க முடியாது உங்களால. எங்கேருந்து படிச்சீங்க?"

"நோன்னா, உன் வாய் இருக்கே, அதுக்கு ஒரு எட்டாவது வாத்தியமா இடம் குடுக்கலாம்."

"ஏமாத்துறானுங்க சவேலிச். திறக்கவே மாட்டானுங்க. திகோன் என்ன ஆவான்?"

அவர் ட்ரம்பெட்டைத் துடைப்பதை நிறுத்தவில்லை. "தேதி வந்தா எல்லாம் தெரிஞ்சிடும்," என்றார். அவ்வளவுதான்.

அந்தச் சிவப்புக் கோப்பு ரோடியோன் கையைவிட்டு இறங்கவேயில்லை. ஆனால் அதை மேடைக்கு எடுத்துப்போகிற வேலை என்னுடையது. திரைக்கும் அவர் நாற்காலிக்கும் நடுவில் முப்பது அடி. அந்த முப்பது அடியில் என்ன செய்ய வேண்டுமென்று முடிவு செய்துகொண்டேன்.

கச்சேரி நன்றாகத்தான் போனது. பாழாய்ப்போன மனிதர், அன்றைக்கு அப்படி வாசித்தார். வயலினில் ஆரம்பித்து, பாஸுக்குப் போய், வைப்ரபோனில் பனி சொட்டுகிற மாதிரி ஒன்று வாசித்தார். முந்நூறு பேர் மூச்சுவிடவில்லை. பிறகு திகோன் எழுந்தான். எட்டுச் சுற்று வாசிக்க அவனுக்கு அனுமதி. மூன்றாவதிலேயே சவேலிச்சின் கை பின்னால் நீண்டது. ட்ரம்பெட்டைக் கொடுத்தேன். அவன் மேலேயே ஏறி வாசித்து அவனை அடக்கினார். கூட்டம் ஆர்ப்பரித்தது. எப்போதும் நடப்பதுதான். நானும் அதைக் குறும்பு என்றே இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

ரோடியோன் ஒலிபெருக்கியில் ஏதோ இனிக்க இனிக்கப் பேசினான். நான் கோப்போடு நடந்தேன். பாதி வழியில் கைநழுவ விட்டேன். தாள்கள் மேடையெங்கும் சிதறின.

மேடையில் எந்தத் தாள் கீழே விழுந்தாலும், விட்டவர்தான் அதன் மேல் உட்கார வேண்டும். உட்கார்ந்த பிறகுதான் பொறுக்க வேண்டும். இல்லாவிட்டால் கச்சேரி நாசம். கூட்டத்துக்கும் இது தெரியும். "உக்காரு! உக்காரு!" என்று கத்திக் கைதட்டினார்கள். அறுபத்தொரு வயதில், நல்ல பாவாடையோடு, முந்நூறு பேர் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். ரோடியோன் சிரித்துக்கொண்டு நிற்பதைத் தவிர ஒன்றும் செய்ய முடியவில்லை. எட்டிய தாள்களை மடியில் சேர்த்துப் படித்தேன்.

மேல் தாள் ஒப்படைப்புப் பத்திரம். கையெழுத்து இடம் காலியாக இருந்தது. அடியில் இருந்தது ஒரு கடிதம், பிப்ரவரி மாதத்தது. கையால் எழுதியது. அந்தக் கையெழுத்தில்தான் இருபத்தொன்பது வருடமாகப் பாட்டுப் பட்டியல்கள் வாங்கியிருக்கிறேன். 'மண்டபத்தை என் சொந்த விருப்பத்தின் பேரில் திருப்பித் தருகிறேன். யாரையும் எனக்குப் பின் நியமிக்கவில்லை. இனி இங்கே இசை நடத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.'

பக்கத்தில் முழங்கால் நெட்டி முறிகிற சத்தம் கேட்டது. சவேலிச் என்னருகே தரையில் வந்து உட்கார்ந்தார். கூட்டம் இன்னும் பலமாகக் கைதட்டியது. அந்த இரைச்சலில் நாங்கள் பேசியது யாருக்கும் கேட்டிருக்காது.

"படிச்சிட்டியா?"

"நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க."

"ஆமா. ரோடியோன் பாவம். நிஜமாவான்னு ரெண்டு தடவ கேட்டான்."

"தேதியும் நீங்கதானா?"

"பதினெட்டு வரைக்கும் பொறுத்தா மனசு மாறிடும்னு பயந்தேன்."

"திகோன் இருக்கானே சவேலிச். இருபது வருஷம்!"

அவர் முகம் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தபடியே இருந்தது. "போன மாசம் அவன் தனியா வாசிச்சிட்டிருந்தான். கதவுக்கு வெளியில நின்னு கேட்டேன். ரொம்ப நல்லா வாசிக்கிறான், நோன்னா."

"அப்புறம் என்ன?"

"அதான்."

நான் அந்தத் தாளைக் கிழித்திருக்கலாம். எழுந்து நின்று கத்தியிருக்கலாம். கேமரா இருந்தது, முந்நூறு பேர் இருந்தார்கள், பக்கவாட்டில் திகோனே நின்றுகொண்டிருந்தான். சவேலிச் பத்திரத்தை என் மடியிலிருந்து எடுத்துத் தன் முழங்காலில் விரித்தார். பிறகு என்னைப் பார்க்காமல் கையை நீட்டினார்.

அவர் ரசிகர்களுக்குக் கையெழுத்துப் போடுவதற்காக என் சட்டைப் பையில் எப்போதும் ஒரு பேனா இருக்கும். யோசிப்பதற்கு முன்னால் என் கை அதை எடுத்து அவர் கையில் வைத்துவிட்டது.

போட்டார். கூட்டம் எழுந்து நின்றது. யாரோ "நூறு வருஷம் இருக்கணும்!" என்று கத்தினார்கள்.

பின்கட்டில் திகோன் சாக்ஸபோனைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தான். விழுந்த தாளைப் பற்றிக் கிண்டல் செய்தான். பிறகு கேட்டான்.

"ஜூன்ல திறந்துடுவாங்கல்ல அக்கா?"

"திறந்துடுவாங்க," என்றேன்.

பதினெட்டாம் தேதியும் வந்தது. காலையில் தொலைபேசினேன். எடுக்க மாட்டார், ஏதாவது ஆகியிருக்கும் என்று உள்ளுக்குள் நினைத்துக்கொண்டுதான் எண்ணைச் சுற்றினேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார். குரல் கணீரென்று இருந்தது.

"வலை கட்டிட்டாங்களா?" என்று கேட்டார்.

"நேத்தே கட்டிட்டாங்க. பச்சை வலை."

"திகோன் எங்க வாசிக்கிறான்?"

"எங்கயும் இல்ல."

மறுமுனையில் அவர் நிம்மதியாக மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. என் வாழ்த்துக்காகத்தான் அடுத்துக் காத்திருந்தார். அன்றைக்குச் சொன்னால் தப்பில்லை, அதுதான் சரியான நாள். நான் சொல்லாமல் போனை வைத்தேன்.