மூன்றாவது ஊசிக்குக் குரல் இறங்கியது

லிஃப்ட் மெக்கானிக்குக்குக் கண்ணைவிடக் காது கூர்மை. கத்திக்கொண்டு ஓடும் மோட்டாரை அவர் நம்புவார். திடீரென்று குரலைத் தாழ்த்திக்கொள்ளும் மோட்டாரைத்தான் சந்தேகப்படுவார். அப்படிக் குரல் அமுங்கிய லிஃப்டுக்குள் தானே மாட்டிக்கொண்டு, தன்னைக் காப்பாற்றச் சொல்லித் தன் கம்பெனிக்கே போன் போட்ட பெருமையும் அவருக்கு உண்டு.

அன்று குழந்தை டாக்டரின் அறையில் பதினோரு வயது மகளோடு உட்கார்ந்திருந்தார். வாய் ஓயாததால் அவளுக்கு வீட்டில் குருவி என்று பெயர்.

"குருவிம்மா, இன்னிக்கு டெட்டனஸ் ஊசி ஒண்ணு, மூளைக்காய்ச்சல் வராம இருக்க ஒண்ணு. நீ அழுதா நான் உன்னைவிட சத்தமா அழுவேன், பாத்துக்க!" டாக்டர் சிரித்தது வராந்தா வரை கேட்டது.

பிறகு அவர் குருவியை எடை பார்க்க நர்ஸோடு வெளியே அனுப்பினார். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார். குரல் இறங்கியது.

"இன்னொரு விஷயம். பதற வேண்டாம். வீட்டுல அம்மாகிட்டயும் கலந்து பேசுங்க. இது வந்து... கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்..."

அதற்கப்புறம் டாக்டரின் உதடுகள் அசைந்ததுதான் தெரிந்தது. மெக்கானிக்கின் மனைவியின் அக்காவுக்குப் புற்றுநோய் என்று சொன்ன டாக்டரும் இப்படித்தான் கதவைச் சாத்தினார், நாற்காலியை இழுத்தார், பதற வேண்டாம் என்றார். இப்போது அந்த அக்கா அவர் வீட்டு உள்ளறையில் எலும்பும் தோலுமாகக் கிடக்கிறாள். எத்தனை முறை தரையைத் துடைத்தாலும் அந்த அறையின் வாடை போவதில்லை.

மெக்கானிக் எழுந்து கதவைத் திறந்தார். வராந்தாவில் குருவி எடை மெஷின் மேல் நின்றிருந்தாள்.

"போன தடவைக்கு ஒரு கிலோ குறைஞ்சிருக்காளே!" என்றாள் நர்ஸ், சர்வசாதாரணமாக.

அக்காவும் முதலில் மெலியத்தான் செய்தாள். உடம்பு அழகாகிவிட்டது என்று இவரே கிண்டல் அடித்திருந்தார். மகளின் கழுத்தெலும்பு இன்றுதான் அவர் கண்ணில் பட்டது. அவள் கையைப் பற்றி இழுத்துக்கொண்டு வெளியே நடந்தார். லிஃப்டை நம்பிப் பிழைக்கும் மனுஷன், படிக்கட்டைப் பார்த்து ஓடினார்.

"அப்பா, செருப்பு! செருப்பு போடலப்பா!"

டாக்டர் பின்னாலேயே மூச்சிரைக்க வந்தார். "எங்க சார் போறீங்க?"

"பெரிய ஆஸ்பத்திரிக்கு. முத்துறதுக்குள்ள போகணும்."

"என்ன முத்துறது?"

"இவளுக்குப் புற்றுநோய்னு நீங்கதானே சொன்னீங்க!"

காத்திருந்தவர்களின் தலைகள் குருவி பக்கம் திரும்பின.

"ஐயோ! வந்திருக்குன்னா சொன்னேன்? வராம தடுக்கிற ஊசி சார் அது! பாப்பா நல்லா இருக்கா. வளர்ற புள்ளைக்கு ஒரு கிலோ ஏறும், இறங்கும்."

மெக்கானிக் சுவரில் சாய்ந்தார். "அப்புறம் எதுக்கு சார் கதவைச் சாத்துனீங்க? எதுக்குக் குசுகுசுன்னு சொன்னீங்க? மத்த ரெண்டையும் ஊருக்கே கேக்குற மாதிரி சொன்னீங்களே!"

டாக்டர் கழுத்தைத் தடவிக்கொண்டார். "பெத்தவங்க சங்கடப்படுவாங்கன்னுதான். எப்பவும் அப்படித்தான் சொல்வேன். யோசிச்சிட்டு வர்றோம்னு போவாங்க." காத்திருந்த பிள்ளைகளைப் பார்த்தார். "திரும்பி வந்தவங்க ரொம்பக் கம்மி."

அப்படித் திரும்பி வராத பிள்ளைகளின் முகங்கள் அவருக்கு நினைவுக்கு வந்திருக்க வேண்டும். நிமிர்ந்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "குருவிம்மா, இன்னிக்கு உனக்கு மூணு ஊசி. மூணாவது, பின்னாடி கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வராம தடுக்கிறது. ஆறு மாசம் கழிச்சு வந்து அதுல இன்னொண்ணு போட்டுக்கணும்."

"போடுங்க சார்," என்றார் மெக்கானிக். "இப்பவே போடுங்க."

ஊசி போட்டபின் கொஞ்ச நேரம் உட்காரச் சொன்னார்கள். குருவி தோளைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள். "அப்பா, பெரியம்மாவுக்கு வந்திருக்கே, அதுவா இது?"

மெக்கானிக் இருபக்கமும் பார்த்தார். தன் குரலும் இறங்கப் போகிறது என்பதை அவர் காது கண்டுபிடித்துவிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஆமாடா. அதேதான்." எதிர் பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்போ பெரியம்மாவுக்கு ஏன் யாரும் போடல?"

எதற்கும் ஒரு ஜோக் கைவசம் வைத்திருக்கிறவர் அவர். இப்போது அதைத் தேடவில்லை. "பெரியம்மா சின்னப் புள்ளையா இருந்தப்போ இந்த ஊசியே வரலடா," என்று எதிர் பெஞ்சுக்கும் கேட்கும்படி சொன்னார்.