சும்மா பிடித்துக்கொண்டு நிற்கிற வேலை

படகென்றால் ஒரு நாளாவது தண்ணீரைப் பார்த்திருக்க வேண்டும். அவள் வீட்டு முன்னறையில் கிடந்த படகு ஆறு வருஷமாகப் பார்த்ததெல்லாம் சிமெண்டுத் தரையைத்தான். குப்புறக் கிடந்தது. அதை வைத்துக்கொண்டு அவள் புருஷன்தான் ஊருக்கே தண்ணி காட்டிக்கொண்டிருந்தார். அடுத்த மாசம் இறக்கிடுவேன், மழை விட்டதும் இறக்கிடுவேன் என்று சொல்லிச் சொல்லியே, பம்ப் மெக்கானிக்காக இருந்தவருக்குத் தெருவில் கேப்டன் என்று பெயர் விழுந்துவிட்டது. கொடுத்தவர்கள் கிண்டலாகத்தான் கொடுத்தார்கள். அவர் அதை மரியாதையாக வாங்கி வைத்துக்கொண்டார்.

அந்த முன்னறை அவளுடைய தையல் கடை. நல்ல வெளிச்சம், தெருவைப் பார்த்த இரட்டைக் கதவு, நடுவில் எட்டடிக்கு ஒரு கட்டிங் டேபிள். பெண்கள் வந்து உட்கார்ந்து கதை பேசி அளவு கொடுத்துவிட்டுப் போவார்கள். படகு வேலை தொடங்கிய அன்று கேப்டன் அவளிடம் சொன்னது இவ்வளவுதான்: "மூணே மாசம். அடிப்பக்கம் முடிஞ்சதும் புரட்டி வெளியே எடுத்துடுவேன். அப்புறம் உன் கடை உனக்கு."

அவளுடைய மெஷின் குளியலறைக்குப் போகிற நடைக்குப் போனது. நடையின் அகலம் இரண்டே முக்கால் அடி. மெஷின் போக மீதியில் ஓர் ஆள் ஒருக்களித்துத்தான் போக முடியும். அங்கே நிற்க வைத்து எந்தப் பெண்ணுக்கு அளவெடுப்பது? ஒருத்தி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கும்போது, தோளில் துண்டோடு "கொஞ்சம் வழி" என்று கேப்டன் வருவார். ஒரு தடவை வந்தவள் மறு தடவை வரவில்லை. கட்டிங் டேபிள் என்ன ஆனது என்று கேட்கவே வேண்டாம். அதன் பலகை படகுக்குள் எங்கோ போனது. நாலு காலும் படகுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தன.

இந்த வருஷம் அவளுக்கு ஒரு வழி திறந்தது. பக்கத்துப் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை அறுபது பிள்ளைகளுக்குச் சீருடை தைத்துத் தரச் சொன்னாள். "திங்கட்கிழமை பிள்ளைங்களை அளவுக்கு அனுப்பறேன். உக்கார இடம் இருக்கில்ல?" என்று கேட்டாள். "இருக்கு டீச்சர்" என்று இவள் கூசாமல் சொல்லிவிட்டாள். ஏனென்றால் சனிக்கிழமை படகைப் புரட்டுவதாகக் கேப்டன் நாள் குறித்திருந்தார்.

நாள் குறித்தால் போதுமா? முந்நூறு கிலோப் படகைப் புரட்ட ஆள் வேண்டாமா? கேப்டனுக்கு உதவ ஓர் ஈ காக்காகூடக் கிடையாது. தச்சனிடம் உளி பிடிக்கத் தெரியவில்லை என்றிருக்கிறார். எதிர்வீட்டுக்காரரிடம் அவர் பெயிண்ட் அடித்த லட்சணத்தைப் பற்றிப் பேசியிருக்கிறார். சொந்தத் தம்பியிடம், சாப்பாட்டு மேசையில் வைத்தே, "லாரி ஓட்ட மூளை தேவையில்லடா" என்றிருக்கிறார். அந்தத் தம்பி அன்றோடு வருவதை நிறுத்திக்கொண்டார். கடைசியில் போனைக் கையில் எடுத்தவள் அவள்தான். கொழுந்தன் ஒரே பேச்சில் ஒத்துக்கொண்டார். "அண்ணனுக்காக இல்ல அண்ணி. நீங்க கேட்டீங்க, அதனால வரேன்."

சனிக்கிழமை காலையில், தம்பி வருவதற்கு முன்னால், அவள் முன்னறையை எட்டிப் பார்த்தாள். கேப்டன் ஒரு மரச்சட்டத்துக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார்.

"இது எதுக்குங்க?"

"தொட்டில். நிமிர்ந்ததும் படகு இதுலதான் உக்காரும்."

"வெளியே எடுக்கலையா?"

"உள்வேலை எல்லாம் கிடக்கே. மேல்தளம், மத்த சீட்டு, பெயிண்டு. வெயில்லயும் மழையிலயும் போட்டா அதைச் செய்ய முடியும்?"

"எவ்வளவு நாளு?"

கேப்டன் வாயில் இருந்த ஆணியை எடுத்தார். "மூணு மாசம்."

அறுபது பிள்ளைகளை அவள் எங்கே உட்கார வைப்பாள்? ஆனாலும் கையில் ஒரு துருப்பு இருந்தது. நாலு வருஷமாக அதை அவள் யாரிடமும் காட்டவில்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால், படகைத் தூக்கும்போது மேலே இருக்கிற இரும்பு உத்தரம் பாரம் தாங்காது என்று கேப்டன் கொத்தனாரைக் கூட்டிவந்து, வாசலின் இரண்டு பக்கமும் கான்கிரீட் தூண் எழுப்பி, மாடியின் பாரத்தையும் அவற்றின் மேலேயே இறக்கினார். வாசல் குறுகியது. இரட்டைக் கதவைக் கழற்றிவிட்டுச் சின்னதாக வேறு போட்டார்கள். "படகு போகுமா?" என்று அவள் அப்போதே கேட்டாள். கேப்டன் சுவரில் தாம் முன்பு எழுதி வைத்திருந்த பென்சில் எழுத்தைக் காட்டினார். வாசல் ஐந்தடி பத்து, படகு ஐந்தடி எட்டு. பிறகு கொத்தனாரைப் பார்த்துக் கண்ணடித்தார். "சட்டைக்கு அளவெடுக்கறவ படகுக்கு அளவு சொல்ல வந்துட்டா." கொத்தனார் சிரித்தான். மறுநாள் கேப்டன் வேலைக்குப் போனதும் அவள் தன் டேப்பை எடுத்து வாசலுக்கு வைத்துப் பார்த்தாள். ஐந்தடி இரண்டு. பென்சில் எழுத்து தூண் வருவதற்கு முந்தையது. அவர் அதற்குப் பிறகு அளக்கவே இல்லை.

சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வீம்புதான், வேறொன்றும் இல்லை. அந்தச் சிரிப்புக்கு நாள் வரட்டும் என்று மனசுக்குள் முடிந்து வைத்திருந்தாள்.

கொழுந்தன் ஐந்து லோடுமேன்களோடும் ஒரு செயின் பிளாக்கோடும் வந்து இறங்கினார். "கேப்டன், லைஃப் ஜாக்கெட் வேணுமா?" என்று ஒருவன் கேட்டான். கேப்டன் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் வேலையைப் பங்கிட்டார். தம்பி உத்தரத்தில் மாட்டிய செயினை இழுத்து ஒரு பக்க விளிம்பைத் தூக்க வேண்டும். ஐந்து பேரும் கை கொடுக்க வேண்டும். எதிர்ப் பக்க விளிம்பு தரையில் இடிபடாமல் இருக்க அவளுடைய துண்டுத்துணி மூட்டைகளை அடியில் போட்டார். தூக்குகிற விளிம்பில் ஒரு கயிறு கட்டி, அதைச் சுவரோரத் தூணில் இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை அவள் கையில் கொடுத்தார்.

"உனக்கு ஒண்ணும் வேலையில்ல. சும்மா பிடிச்சுக்கிட்டு நில்லு. நான் சொன்னதும் கொஞ்சம் கொஞ்சமா விடு."

தலை நரைத்த லோடுமேன் ஒருவர் அவள் பக்கம் குனிந்து சொன்னார். "சும்மா இல்லம்மா. அந்தப் பக்கம் சாயும்போது மொத்த பாரமும் உங்க கயித்துலதான். நழுவுச்சுன்னா எங்க கால் போச்சு." அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு காலை அகட்டி நின்றாள்.

செயின் கடகடவென்று ஓடியது. படகு முனகிக்கொண்டே ஒரு பக்கமாகக் கிளம்பியது. ஆறு வருஷத் தூசியும் மரத்தூளும் கொட்டின. கட்டிங் டேபிளின் கால்கள் நாலும் ஒவ்வொன்றாகக் கழன்று தரையில் உருண்டன. கொஞ்ச நேரத்தில் படகு ஒரு விளிம்பில் நிமிர்ந்து, கழுவி நிறுத்தி வைத்த தட்டைப் போல நின்றது. "நிறுத்து" என்றார் கேப்டன்.

அவள் வாசலைப் பார்த்தாள். படகின் பின்பக்கம் வாசலுக்கு நேராக இருந்தது. இப்படி நிற்கும்போது அதன் தடிமன் இரண்டரை அடிகூட இல்லை. அடியில் நாலு பைப் போட்டு உருட்டினால் ஐந்து நிமிஷத்தில் முற்றத்துக்குப் போய்விடும்.

"இப்படியே வெளியே தள்ளிடுங்க," என்றாள்.

"புரட்டும்போது பேசாதே."

புரட்டு ஆறு வருஷமாக நடக்கிறது, நான் எப்போது பேசுவது என்று நினைத்துக்கொண்டாள். வாய்விட்டுச் சொன்னது வேறு. "கீழே உக்கார வெச்சா அப்புறம் போகாது. வாசல் அஞ்சு ரெண்டுதான். படகு அஞ்சு எட்டு."

கொழுந்தன் செயினைப் பிடித்தபடியே திரும்பினார். "அண்ணே, ஒரு தடவை டேப் வெச்சுப் பாத்துடலாமே."

"நீ லாரி ஓட்டறதோட நிறுத்திக்க," என்றார் கேப்டன். "சுவத்துல எழுதியிருக்கு பாரு. இவளுக்கு எல்லாம் இடுப்பளவு, கையளவுதான் தெரியும். கயித்தை விடு."

"விட மாட்டேன்," என்றாள் அவள்.

ஐந்து பேரும் படகில் கை வைத்தபடி அவளைப் பார்த்தார்கள். அவள் விடாதவரை அது சாயாது. ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அந்த அறையில் அவள் சொன்னபடி ஒன்று நடந்துகொண்டிருந்தது. உள்ளங்கை எரிந்தாலும் அவளுக்கு அது பிடித்திருந்தது. திங்கட்கிழமை பிள்ளைகள் வந்து வரிசையாக உட்காருவது கண்ணில் தெரிந்தது.

கேப்டன் அவளிடம் வந்தார். கத்துவார் என்றுதான் நினைத்தாள். அவர் கயிற்றின் மேல் இருந்த அவள் கையின் மேல் தன் கையை வைத்தார். மூக்கு நுனியில் வியர்வை தொங்கியது. கண்ணில் இருந்தது கோபம் இல்லை, பயம்.

"எல்லாரும் பாக்கறாங்க," என்று அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். "இத்தனை பேர் முன்னாடி என்னைக் கவுத்துடாதே."

அவள் விட்டுவிட்டாள். ஏன் என்று கேட்டால் இன்றைக்கும் அவளுக்குச் சொல்லத் தெரியாது. மனுஷன் கெஞ்சி அவள் பார்த்ததில்லை. முப்பது வருஷமாக நாலு பேர் முன்னால் அவர் மானத்தைக் காப்பாற்றியே பழகிய கை, அவளைக் கேட்காமலே கயிற்றைத் தளர்த்தியது. கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு சாண் ஒரு சாணாக, ஒருவர் காலும் நசுங்காமல், ஒரு கீறல் விழாமல், படகு தொட்டிலில் போய் உட்கார்ந்தது. அவ்வளவு அழகாக அந்த வேலையை வேறு யாரும் செய்திருக்க முடியாது. அதை நினைக்கும்போதுதான் அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

"பாத்தியா?" என்றார் கேப்டன். பயம் போன இடம் தெரியவில்லை.

லோடுமேன்கள் டீ குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். கொழுந்தன் செயின் பிளாக்கை லாரியில் ஏற்றிவிட்டு வாசலில் நின்று, இரண்டு தூணையும் ஒரு தடவை மாறி மாறிப் பார்த்தார். "உங்க பேச்சுக்காகத்தான் வந்தேன் அண்ணி. அந்தப் பேச்சுக்கே இந்த வீட்டுல மதிப்பில்ல. இனிமே கூப்பிடாதீங்க, தப்பா நினைக்காதீங்க."

மதியம் சாப்பிட்டுவிட்டு அவள் நடையில் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். முன்னறையில் இரும்பு டேப் சர்ரென்று சுருங்குகிற சத்தம் கேட்டது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை. அப்புறம் இன்னொரு தடவை. ஐந்தாவது தடவைக்குப் பிறகு சத்தம் இல்லை. கேப்டன் நடைக்கு வந்தார். வழக்கம்போல "கொஞ்சம் வழி" என்று சொல்லவில்லை.

"அஞ்சு ரெண்டுதான் இருக்கு," என்றார்.

"தெரியும்."

"தூணை இடிச்சா மேல் மாடி இறங்கிடும்."

"படகை மறுபடி சாய்ச்சா போயிடும். தம்பிகிட்ட நான் வேணா கெஞ்சிப் பாக்கறேன். இன்னும் ஒரே ஒரு தடவை."

"வேணாம்." குரல் சட்டென்று உயர்ந்தது. "அவன் முன்னாடி நான் போய் நிக்கணுமா? அந்த லோடுமேனுங்க தெரு முழுக்கச் சொல்லிச் சிரிப்பானுங்க. கிடக்கட்டும். உள்வேலை நடந்துக்கிட்டிருக்குன்னு சொல்லிக்கலாம். நீ வாயைத் திறக்காதே." பிறகு உண்மையிலேயே மனசு நொந்துபோய்க் கேட்டார். "உனக்குத்தான் தெரியும் இல்ல? அப்புறம் ஏன் கயித்தை விட்டே? நீ விட்டிருக்கக் கூடாது."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். கேலி இல்லை, நடிப்பும் இல்லை. மனுஷன் நிஜமாகவே அப்படித்தான் நினைக்கிறார். காலையில் அந்தக் கையைப் பிடித்தவர் தாம்தான் என்பது அவருக்கு மறந்தே போயிருந்தது. இந்த ஆளுக்காகவா விட்டோம் என்று நினைத்தாள். அழுகை வரும் போலிருந்தது. இவர் முன்னால் அழுவதாவது என்று அதை விழுங்கிக்கொண்டாள்.

எழுந்தாள். மெஷினின் தலையை ஸ்டாண்டிலிருந்து கழற்றினாள். "அந்தப் பக்கம் பிடிங்க," என்றாள். அவர் ஏன் என்று கேட்காமல் பிடித்தார். இரண்டு பேருமாக முன்னறைக்குத் தூக்கி வந்தார்கள். அவள் ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறிப் படகுக்குள் இறங்கினாள். தரை நடுவில் பள்ளமாக இருந்தது. அங்கங்கே காய்ந்த பசை திட்டுத் திட்டாக ஒட்டியிருந்தது. அவளுடைய கட்டிங் டேபிளின் பலகை அங்கேதான், இரண்டு சட்டத்துக்கு நடுவில் திருகப்பட்டு, சீட்டாக மாறியிருந்தது. தடவிப் பார்த்தாள். அவள் போட்ட சாக்பீஸ் கோடுகூட ஓரத்தில் அழியாமல் இருந்தது.

"என்ன பண்றே? இது படகு," என்றார் கேப்டன், மெஷினின் பாரத்தோடு விளிம்புக்கு வெளியே நின்றபடி.

"வெளியே போனாத்தான் அது படகு. திங்கட்கிழமை அறுபது பிள்ளைங்க வராங்க."

பிள்ளைகள் சிரிப்பார்கள். தலைமை ஆசிரியை என்ன நினைப்பாளோ. தெருவில் இனி இவளுக்கும் ஒரு பெயர் விழும். இதில் அவளுக்குச் சந்தோஷம் ஒன்றும் இல்லை. கேட்டது ஓர் அறை. கிடைத்தது இது. கீழே உருண்டு கிடந்த டேபிள் காலில் ஒன்றை எட்டி எடுத்து, பலகை ஆடாமல் இருக்க எங்கே முட்டுக் கொடுக்கலாம் என்று பார்த்தாள்.

"கை வலிக்குது," என்றார் அவர்.

"நான் சொன்னதும் விடுங்க. அதுவரைக்கும் சும்மா பிடிச்சுக்கிட்டு நில்லுங்க."

அவர் பிடித்துக்கொண்டு நின்றார். சற்றுக் கழித்து, தணிந்த குரலில் கேட்டார். "இங்கேயே உக்காரப் போறியா? எவ்வளவு நாளைக்கு?"

அவள் டேபிள் காலைப் பலகைக்கு அடியில் கொடுத்து, கையால் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"மூணு மாசம்," என்றாள்.