போர்கில்டின் பக்கத்து இருக்கை

போர்க்காலம் ஐந்தாண்டையும் சரக்குக் கப்பல்களில் கழித்துவிட்டு ஐவின்ட் ஆஸ்லோவுக்குத் திரும்பியிருந்தான். எதிரிக்கு நாட்டின் வாயிலைத் திறந்துவிட்ட ஒருவனின் குவிஸ்லிங் என்ற குடும்பப் பெயர், துரோகி என்னும் பொருளில், அவனுக்கு முன்பே கடல்களைக் கடந்திருந்தது. ஹல் துறைமுகத்துச் சாராயக்கடையில் அச்சொல்லைக் கேட்டான். மூர்மன்ஸ்கில் மூட்டை தூக்கியவர்களிடம் கேட்டான். வீடு திரும்பும் வழியில் கோதன்பர்க்கிலும் கேட்டான். அந்தந்த நாவுக்கேற்ப ஓசை சற்றே திரிந்தது. உமிழும் விதம் மட்டும் மாறவில்லை.

இன்று அவன் தமக்கை போர்கில்டுக்கு நீதிமன்றத்தில் விசாரணை. அந்தத் துரோகியின் கட்சி அலுவலகத்தில் ஈராண்டு தட்டச்சு செய்தவள் அவள். இருவரும் டிராமில் ஏறினார்கள். அவள் அமர்ந்ததும் பக்கத்திலிருந்த மாது அவளை அடையாளம் கண்டு எழுந்து நின்றாள். ஆக்கிரமிப்புக் காலத்தில் எதிரியின் அருகே அமராமல் நின்றே பயணித்த நகரம் அது. அப்பழக்கம் இன்னும் கால்களை விட்டு நீங்கவில்லை.

ஐவின்ட் கைப்பிடி வாரைப் பற்றியபடி நின்றான். குண்டுபட்டு மூழ்கிய தன் முதல் கப்பலோடு போன தோழர் மூவரின் முகங்கள் நெஞ்சில் வந்தன. தாவீதின் சங்கீதம் ஒன்றை மனத்துள் தொடங்கினான். இரண்டாம் அடிக்குமேல் ஓடவில்லை.

"கப்பல்காரத் தம்பி, இப்படி வாங்க," என்றார் தொப்பிக்காரர் ஒருவர், அவன் மாலுமிச் சட்டையைப் பார்த்து. "அங்க மட்டும் உக்காந்துடாதீங்க. அது குவிஸ்லிங் சீட்டு."

"எதிரி பக்கத்துல உக்காராம நிக்கிறவங்களை எறக்கிவிடச் சொல்லி அப்போ உத்தரவு," என்று நடத்துநர் சிரித்தார். "இப்போ எவ்வளவு வேணா நில்லுங்க, இனாம்!"

பெட்டி முழுதும் சிரித்தது. போர்கில்ட் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஐவின்ட் போய் அவளருகே அமர்ந்தான்.

சிரிப்பு அறுந்தது. "அட, இவனும் குவிஸ்லிங்தானா!" என்றார் தொப்பிக்காரர். பிற நாட்டவர் வாயில் அவன் நாட்டின்மேல் விழுந்த சொல், முதன்முறையாக, தாய்மொழியில் அவன்மேலேயே விழுந்தது. முன்னிருக்கைக்காரர்கள் இருவர் எழுந்தனர்.

"எந்திரிடா," என்று முணுமுணுத்தாள் போர்கில்ட். "உன் பேரையும் கெடுத்துக்காத."

"நீ செஞ்சது தப்புதான் அக்கா. அதை கோர்ட்டுல நீயே சொல்லு."

"சொல்றேன். நீ எந்திரி."

"முடியல அக்கா," என்று அவன் கண்களை மூடிக்கொண்டான். "கால் வலிக்குது."